கொம்புப் பொத்தான்

“கொழுந்து கிள்ளுற நேரத்துல என்னாடி கூத்து?” பிரியந்தியின் கையிலிருந்த இசைப்பெட்டியைப் பிடுங்கினார், தேயிலைத் தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கு குணசேகரன். பொத்தானை அமுக்கினால் ராஜா காலத்துக் கொம்பு, குதிரைக் குளம்பு, வாள்சண்டை எல்லாம் கேட்கும் பெட்டி.

“குடுத்துருங்கய்யா!” காலைப் பிடித்து அழுதாள் பிரியந்தி. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சாயங்காலம் கோயில் திருவிழாவுக்குத் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை வந்திறங்கினார். வருஷா வருஷம் போல ராஜமரியாதை காட்ட, இந்த முறை அந்தப் பெட்டியை ஒலிபெருக்கியில் மாட்டி, கொம்புப் படம் போட்ட பொத்தானை அமுக்கினார் கண்டாக்கு.

முழங்கியது அவர் குரலேதான். “கொழுந்து நிறுக்கறப்ப ஆளுக்கு ரெண்டு கிலோ வெட்டிரு. எல்லாத்தையும் என் பொண்டாட்டி பேருல போட்டுரு.”

அந்தப் பெட்டியில் குரலையும் பதியலாம் என்பது பிரியந்திக்கு மட்டும்தான் தெரியும்.

“அப்புறம் எதுக்குடி காலையில அந்த அழுகை அழுத?” என்றாள், பக்கத்து நிரையில் கிள்ளும் ஜெயந்தினி.

“நான் அழலைன்னா அந்தாளு திருப்பிக் குடுத்திருப்பான்டி.”