பச்சைக்கு அடியில்

"மெஷின் எதுவும் வேணாம் இக்னாஸ். கையாலயே சுரண்டுங்க. அடியில ஏதாவது தெரிஞ்சா எனக்குச் சொல்லுங்க" என்றார் கஸ்தோன்.

இக்னாஸ் தலையாட்டினார். சைகோனில், டாகாவ் பகுதிச் சந்து ஒன்றில் இருந்தது அவர் வீடு. அதை ஒட்டிய தகரக் கொட்டகைதான் பட்டறை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வண்டி பழுது பார்த்தவர் அவர். அது ஐம்பத்தாறாம் வருஷம். பட்டாளம் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. அதன் வண்டிக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்த காரைக்கால்காரர் கஸ்தோனும் குடும்பத்தோடு பிரான்சின் மார்சேய்க்குப் புறப்படுகிறார். ஊரை விட்டுப் போகிறவர் எதற்குப் பழைய காரைப் புதுப்பிக்கிறார் என்று இக்னாஸுக்கு விளங்கவில்லை. கப்பலில் கொண்டுபோவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார். பட்டாளப் பச்சை அடித்திருந்தது. அதே மாதிரி ஒன்று முன்பு இக்னாஸிடமும் இருந்தது. நாற்பத்தைந்தில் சண்டை ஊருக்குள் வந்தபோது, பட்டாளத்துக்கு வேண்டுமென்று வாசலிலிருந்து ஓட்டிப் போய்விட்டார்கள். அந்தக் களேபரத்தில் வண்டியின் காகிதமும் தொலைந்தது. அப்போது சைகோனில் அந்த மாதிரி ஏழெட்டு ஓடியதால், இப்போது அவர் அதிகம் யோசிக்கவில்லை.

முதல் நாள் விளக்கு, சீட்டு, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றினார். திருகாணிகளைத் தனித்தனி டப்பாவில் போட்டு எண் எழுதினார். இரண்டாம் நாள் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தார். பச்சைக்கு அடியில் நீலம் வந்தது. சாயங்காலம் வந்த கஸ்தோன், நீலத்தைத் தவிர வேறு ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார். இல்லை என்றதும், போட்ட நாற்காலியில்கூட உட்காராமல் போய்விட்டார்.

"எதையாவது எடுத்துக்குவோம்னு வேவு பாக்குறாரு" என்றாள் இக்னாஸின் மனைவி ஜூலியேத்.

மூன்றாம் நாள், இடது கதவின் உள்பக்கம். ஓரிடத்தில் மட்டும் பச்சை முழுதாகப் போகவில்லை. நீலத்தில் இருந்த பள்ளங்களில் இறங்கித் தங்கியிருந்தது. தண்ணீர் ஊற்றித் துடைத்துப் பார்த்தார். ஐந்து விரல்களும் உள்ளங்கையுமாகச் சின்னதாக ஒரு கை.

அவர் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சற்று நேரம் பார்த்தாள். பிறகு தன் கையை அதன்மேல் வைத்தாள். விரல்கள் மட்டும் கொஞ்சம் தடித்திருந்தன. மற்றபடி அப்படியே பொருந்தியது.

கல்யாணமான புதிதில் அந்த நீலத்தை அடித்தார் இக்னாஸ். ஈரம், தொடாதே என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் கையை வைத்துவிட்டாள். தேய்த்துவிட்டு மறுபடி அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் அந்த வண்டியில் காப் சேன் ஜாக் கடற்கரைக்குப் போவார்கள். வழியில் மழை பிடித்தால் அவள் குடை விரிப்பாள். காற்று பிடுங்கிப் போய்விடும். அப்படி மூன்று குடைகள் போயிருக்கின்றன.

"நம்ம வண்டின்னு சொல்லிடுங்க" என்றாள் ஜூலியேத்.

"காகிதம் எங்க?"

"இதோ, கை இருக்கே."

"கையைக் காட்டினா, நீ திருடன்னு அவரைச் சொன்ன மாதிரி ஆயிடும். அவர் யார்கிட்ட வாங்கினாரோ. போற மனுஷனை அழ வச்சு அனுப்பணுமா?"

"பதினோரு வருஷமா தூக்கத்துல பிரேக்குன்னு என் காலை மிதிக்கிறீங்க. அதை மட்டும் யார்கிட்ட சொல்றது?"

இக்னாஸ் கதவின்மேல் ஒரு சாக்கைத் தொங்கவிட்டார்.

அன்று கஸ்தோன் கேட்டபோது, ஒன்றுமில்லை, வெறும் நீலம்தான் என்றார். மறுநாளும் அப்படியே சொன்னார். கதவெல்லாம் சரியாகப் பார்த்தீர்களா என்று கஸ்தோன் திருப்பிக் கேட்டார். பார்த்தேன் என்றார் இக்னாஸ். என்ன நிறம் அடிப்பது என்று கேட்டதற்கு, உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டுக் கஸ்தோன் வேகமாக வெளியேறினார்.

இக்னாஸ் பழைய நீலத்தையே கலந்தார். தகர மூடியில் பூசிப் பூசிக் காட்டினார். ஆறாவது மூடியில்தான் ஜூலியேத் இதுதான் என்றாள். வண்டி முழுக்க மூன்று பூச்சு. கை இருந்த இடத்தில் மட்டும் மெல்லிசாக ஒரே பூச்சு. அதற்குமேல் அடிக்கப் பிரஷ் நகரவில்லை. தான் செய்வது சரிதானா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார்.

கப்பலுக்கு முந்தின நாள் கஸ்தோன் வந்தார். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

"கடைசியா கேக்குறேன் இக்னாஸ். அடியில ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல முசியே. நல்லபடியா ஓட்டுங்க" என்றார் இக்னாஸ். ஜூலியேத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கஸ்தோன் இடது கதவைத் திறந்து குனிந்தார். எங்கும் தேடாமல், நேராக அந்த மெல்லிய பூச்சின்மேல் போய் நின்றன அவர் விரல்கள்.

"சண்டை முடிஞ்சு, வண்டிகளைச் சொந்தக்காரங்களுக்குத் திருப்பிக் குடுக்கச் சொன்னப்ப, பட்டியல்ல உங்க பேரை அடிச்சிட்டு என் பேரை எழுதினவன் நான்தான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரல, இந்தக் கையைப் பாத்தாவது நீங்களே கேப்பீங்கன்னு தினமும் வந்து நின்னேன்" என்று சொல்லிவிட்டு, வண்டிச் சாவியை ஜூலியேத்தின் உள்ளங்கையில் வைத்தார் கஸ்தோன்.