தாழ்ப்பாளுக்குத் துளை

ஸ்க்ரூவின் பிடிமானம் ஸ்க்ரூவில் இருப்பதாக உலகம் நம்புகிறது. வருத்தத்தோடு மறுக்க வேண்டியிருக்கிறது. பிடிமானம் துளையில் இருக்கிறது. முதலில் போடும் துளை ஸ்க்ரூவைவிட ஒல்லியாக இருந்தால்தான் அதன் மரை மரத்தைக் கடிக்கும். துளை அகலமாகிவிட்டால், கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தம் உட்கார்ந்திருப்பது போல ஸ்க்ரூ சும்மா உட்கார்ந்திருக்கும். கூப்பிட்டால் எழுந்து வந்துவிடும்.

இது திருச்செங்கோடு அர்த்தநாரிக்குத் தெரியாது. அவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி முதலாளி. ஊர் ஊராகப் போய் பூமிக்கு போர் போட்டவர். துளை விஷயத்தில் அவருக்கு யார் சொல்லித் தர முடியும்?

அன்று மாலை மகள் மதுமதியின் அறைக்கு வெளியே டிரில்லிங் மெஷினோடு நின்றார். மறுநாள் காலை ராசிபுரத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதே நேரத்தில் அவளுக்கு சேலத்தில், ஃபேர்லேண்ட்ஸில், வேலைக்கு இன்டர்வியூ. போயே தீருவேன் என்று சொல்லிவிட்டாள். ஆகவே கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள், ஒரு பூட்டு.

"ஆசாரியக் கூப்புடுலாமுங்களா?" என்றாள் மனைவி உஷாராணி.

"கூப்புடு. ஊரெல்லாம் போய் டமாரம் அடிக்கட்டும். ஆயரம் அடி எறக்குனவன் நானு. அரை இஞ்சுக்கு ஆசாரியா?"

உள்ளேயிருந்து மதுமதி கத்தினாள். "அப்பா, நான் என்ன பண்ணைக் கோழியாங்க, அடைச்சு வெக்கறதுக்கு?"

"கோழி இத்தன பேசாது அம்முணி."

"அம்மா, நீயாச்சும் சொல்லு!"

அம்மா துளை போடும் பிட் பெட்டியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

அர்த்தநாரி ஒரு பிட்டை எடுத்தார். தற்செயலாக அது சரியான அளவு.

"ஊசியாட்ட இருக்குதுங்க," என்றாள் உஷாராணி பணிவாக. "போருக்குள்ள கேசிங் பைப் எறங்கோணும்னா குழி பைப்பவிட அகலமா இருக்கோணும்னு நீங்கதானுங்களே சொல்லுவீங்க?"

அர்த்தநாரி நெகிழ்ந்துபோனார். தன்னோடு இத்தனை வருடம் வாழ்ந்ததில் இவளுக்கும் தொழில் ஞானம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது!

தடித்த பிட்டை அவளே எடுத்துக் கொடுத்தாள். துளைகள் விழுந்தன. ஸ்க்ரூக்கள் விரலாலேயே வழுக்கிக்கொண்டு இறங்கின.

"பாத்தியா? வெண்ணெயாட்ட எறங்குது. ஆசாரியா இருந்தா முக்கி முக்கித் திருகியிருப்பான்."

"அவனுக்கென்னங்க தெரியும்?"

"நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்று உள்ளே மதுமதி அழுதாள்.

உஷாராணி தரையில் விழுந்த மரத்தூளைக் கூட்டி அள்ளினாள். அர்த்தநாரி பூட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

காலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியபோது அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரே இழுப்பு. தாழ்ப்பாள், பூட்டிய பூட்டோடும் ஸ்க்ரூக்களோடும் தரையில் கிடந்தது. சாவி மட்டும் அர்த்தநாரியின் இடுப்பில் பத்திரமாக இருந்தது.

வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

"மட்ட மரம்," என்றார் அர்த்தநாரி.

"ஆமாங்க," என்றாள் உஷாராணி.

மதுமதிக்கு வேலை கிடைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உஷாராணி அதே தாழ்ப்பாளை அதே கதவில் உட்பக்கம் மாட்டினாள். ஸ்க்ரூவையும் பிட்டையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, ஒல்லியானதை எடுத்துத் துளை போட்டாள்.

மகள் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள். அர்த்தநாரி வெளியிலிருந்து கதவைத் தள்ளிப் பார்த்தார்.

அசையவில்லை.