பேய் மட்டும் அபாரம்

இப்போதெல்லாம் பேய்ப்படத்துக்குத் தியேட்டர் தேவையில்லை. அவரவர் வீட்டுக் கேமராக்களில் பதிவானதை வெட்டி ஒட்டி, நடுவில் ஒரு பேயைச் சேர்த்து, அவரவருக்கே அனுப்பிவிடுகிறார்கள்.

விமர்சகர் மகிழ்நனுக்கு எல்லோருக்கும் முந்தி விமர்சனம் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. தன் வீட்டுப் படத்தை அடம்பிடித்து முன்கூட்டியே வாங்கிப் பார்த்துவிட்டு, சோபாவில் சாய்ந்தபடி போனில் பேச ஆரம்பித்தார்.

"ஹீரோ படு மோசம். அது நானேதான்னாலும் சொல்லித்தான் ஆகணும். நாள் பூரா போனையே பார்த்துக்கிட்டிருக்கிற தொப்பைக்காரனை எவன் ஹீரோவா போட்டான்? பாதிப் படம் தரை துடைக்கிற ரோபோ எடுத்தது, ஆட்டத்துல குமட்டுது. ஆனா பேய் அபாரம்! ரத்தம் இல்ல, அலறல் இல்ல. அந்த ஆளுக்குப் பின்னாடி வந்து நிக்குது. ஏதோ சொல்ல வாயெடுக்குது. அவன் திரும்பலன்னதும் காபிய வச்சிட்டுப் போயிடுது. எனக்குச் சிலிர்த்துப் போச்சு!"

பின்னாலிருந்து அவர் மனைவி தர்ஷினியின் குரல் கேட்டது.

"அவசரப்பட்டு வாங்கிட்டீங்க. பேயை நாளைக்குத்தான் சேர்ப்பாங்களாம். அது நான்."

அவர் ஒருவழியாகத் திரும்பியபோது மேசையில் காபி மட்டும் இருந்தது.