ஒரு சிட்டிகை சர்க்கரை

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாகப் போன் வந்ததும் செண்பகவல்லிக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல சேதி கேட்டால் வாயில் சர்க்கரை போடுவது அவள் பிறந்த வீட்டு வழக்கம். அந்தப் பழக்கத்தில் ஒரு சிட்டிகை எடுத்து மகள் நறுமுகையின் வாயில் போட்டுவிட்டாள்.

சர்க்கரை தின்றால் காட்டிக்கொடுக்கப் பள்ளிக்கூடத்தில் மாட்டிவிட்ட பட்டை, சிறுமியின் மணிக்கட்டில் பச்சையிலிருந்து சிவப்பானது.

“துப்புடி! துப்பித் தொலை!”

“முழுங்கிட்டேம்மா.” நறுமுகை வாயைத் திறந்து காட்டினாள்.

வாய் கொப்பளிக்க வைத்தாள். மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி இறங்க வைத்தாள். சிவப்பு மாறவில்லை. கீழ்வீட்டுப் பையனை இப்படித்தான் ஆரோக்கிய விடுதிக்கு அழைத்துப் போனார்கள், இன்னும் திரும்பவில்லை.

அழைப்பு மணி அடித்தது. மகளை முந்தானைக்குள் இழுத்து அணைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள். பள்ளியின் நல அலுவலர் பழக்கூடையோடு சிரித்தபடி நின்றார்.

“ஐயா, தெரியாம குடுத்துட்டேன். புள்ளையக் கூட்டிட்டுப் போயிடாதீங்க.”

“எதுக்கும்மா பயப்படுறீங்க? புள்ளைங்களக் கூட்டிட்டுப் போறதெல்லாம் இப்ப நிறுத்தியாச்சு. பாப்பா வீட்லயே இருக்கட்டும்.”

நறுமுகையின் கையில் ஒரு கொய்யாப்பழத்தைக் கொடுத்தார். பிறகு வாசலில் கிடந்த செண்பகவல்லியின் செருப்பை அவள் பக்கமாகக் காலால் நகர்த்தினார்.

“நீங்க வாங்கம்மா.”