ஜப்பானிலிருந்து வந்த ஆசீர்வாதம்

"பாவமன்னிப்பு குடுத்து அவஸ்தை எண்ணெய் பூசிடலாம் மரி. அரியாங்குப்பம் மாதா கோயில் சாமியாரக் கூட்டியாரட்டுமா?" ரோஜே மூன்றாவது முறையாகக் கேட்டார்.

சாகக் கிடந்த ஆன்-மரி தலையை ஆட்டி மறுத்தாள். "பெத்த புள்ள சாமியாரா இருக்கறப்ப இன்னொருத்தர் எதுக்கு? ஜப்பான்ல எத்தன ஜோடிக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறான்! போனப் போடுங்க."

வீடியோவில் கிளமான் வெள்ளை அங்கியோடு தெரிந்தான்.

"அம்மா, அங்க இருக்கற சாமியாரே வரட்டும்மா."

"கோயிலுக்கு நேந்துவிட்ட புள்ளடா நீ. உன் வாயால சொல்லு, போதும்."

அவன் கையை உயர்த்தினான். "உன் பாவங்களை மன்னிக்கிறேன்" என்றான்.

ஆன்-மரி கைகூப்பிக் கண்களை மூடிக்கொண்டாள்.

ரோஜே போனோடு வாசலுக்கு வந்தார். "இப்பதான்டா அவ மொகத்துல நிம்மதி."

"அப்பா, ஓடிப்போயி சாமியாரக் கூட்டியாங்க!" கிளமான் அழுதான். "நான் சாமியாரே ஆகலப்பா. படிப்ப முடிக்காம குருமடத்த விட்டே ஆறு வருசமாவுது. இங்க ஓட்டல்ல பாத்திரம் கழுவறேன். கல்யாணத்துக்கு வெளிநாட்டு ஆளு நின்னா போட்டோ நல்லாருக்கும்னு, ஞாயித்துக்கெழமைல இந்த அங்கிய மாட்டி நிக்க வைக்கிறாங்க. நான் மன்னிச்சது செல்லாதுப்பா."

ரோஜே உள்ளே ஓடினார்.

"மரி! ஏ மரி!"

மூச்சு நின்றிருந்தது. கூப்பிய கையும் முகத்திலிருந்த நிம்மதியும் அப்படியே இருந்தன.