எறும்பு தயங்கிய வாசல்

ஒரு பழைய அரண்மனையைத் தூண் தூணாக, வளைவு வளைவாக மெல்லிய கோடுகளில் வரைந்து முடித்ததில் கூர்ப்பென்சிலுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தாளில் ஏறிய எறும்பு ஒன்று வாசலை மிதித்து, தூண்களைத் தாண்டி, வெறுந்தரையில் நடப்பதுபோலப் போய்விட்டது.

"மரியாதை தெரியாத ஜென்மம்," என்று பொருமியது கூர்ப்பென்சில்.

பக்கத்தில் கிடந்த மொட்டைப் பென்சில், "அண்ணே, வாசலுக்குள்ள கொஞ்சம் இருட்டு வைக்கட்டுமா?" என்று கேட்டது.

"என் அரண்மனைக்குக் கரி பூசப் பாக்குறியா?"

மொட்டைப் பென்சில் தாள்மேல் ஏறியது. சாய்ந்து படுத்துக்கொண்டு, தூண்களின் ஒரு பக்கம் லேசாகவும், வாசலுக்குள்ளே போகப்போக அழுத்தமாகவும் தேய்த்தது. எல்லாம் பாழாகிவிட்டது என்று கூர்ப்பென்சில் ரப்பரைக் கூப்பிடப் போன சமயத்தில், அதே எறும்பு திரும்பி வந்தது. வாசலருகே சட்டென்று நின்றது. உள்ளே கால் வைக்கப் பயந்து, மெல்லக் குரல் கொடுத்தது.

"உள்ள யாருங்க இருக்கீங்க?"

மொட்டைப் பென்சில் வாய் திறப்பதற்குள் கூர்ப்பென்சில் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"வாங்க, வாங்க. பயப்படாம உள்ள வாங்க. நான் கட்டினதுதான்."