சம்பந்தியின் மோட்டாரில் சிக்னல் எரியவில்லை

"வர்றப்ப நல்லாத்தான் எரிஞ்சிச்சு," என்று கன்னையா திரும்பத் திரும்பச் சொன்னார்.

இடது பக்கம் தட்டினார். எரியவில்லை. வலது பக்கமும் அதே கதைதான். மகளைப் பார்த்தாயிற்று, கிளம்பலாம் என்று ஹெல்மெட்டை மாட்டிய பிறகு இந்தக் கூத்து.

சிக்னல் இல்லாமல் வண்டியை நகர்த்துகிற ஆள் இல்லை அவர். ஈ, காக்கா இல்லாத சந்தில்கூட சிக்னல் போட்டுத்தான் திரும்புவார். அதுவும் கிள்ளானிலிருந்து சுங்கை வேயில் இருக்கும் தன் ஃபிளாட் வரை ஹைவேயில் போக வேண்டும்.

"இருங்க மாமா, பாத்துடலாம்," என்று மருமகன் சுகுமாறன் சாமான் பெட்டியைத் தூக்கி வந்தான். அவனுக்கு வண்டி பழுதுபார்க்கும் போமன் வேலை. அடுத்த தெருவில் அப்பா விட்டுப்போன மோட்டார் வொர்க்‌ஷாப்பை நடத்துகிறான்.

ரஞ்சனிக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அப்பாவின் வண்டி கெட்டதற்குச் சந்தோஷப்படுகிற மகள் தான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அப்பா மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார். பழமோ முறுக்கோ ஒரு பையை நீட்டுவார். கார் நிறுத்தும் இடத்திலேயே நின்று நாலு வார்த்தை பேசுவார், புறப்பட்டுவிடுவார். பேரனோ பேத்தியோ பிறக்கும்வரை பெண் கொடுத்த வீட்டில் கை நனைப்பதில்லை என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். தண்ணீர்கூட வேண்டாம் என்பார்.

அம்மா போனதிலிருந்து அவருக்குச் சமைத்துப் போட்டவள் ரஞ்சனிதான். இப்போது மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. ஆள் பாதியாகிவிட்டார். அப்பா தன் எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டால் போதும் என்று அவள் ஏங்கினாள். சோறு வடிக்கும்போதெல்லாம் அந்த நினைப்புதான் வரும்.

மாமியார் இராஜம்மாவிடம் இதைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. இன்றைக்கும் சம்பந்தியைப் பார்த்து "வாங்க" என்று ஒரே ஒரு சொல்லை உதிர்த்துவிட்டு, குப்பை போடப் போகிறேன் என்று வெளியே போய்விட்டாள். திரும்பி வந்தவள், மகனின் சாமான் பெட்டியைப் பார்த்து ஜன்னலருகே நின்று முணுமுணுத்தாள். புருஷன் காலம் முழுக்க வொர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுத்தாளாம். ஞாயிற்றுக்கிழமையாவது வீடு வீடாக இருக்கக் கூடாதா என்று கேட்டாள். அப்பா காதில் விழுந்திருக்கும். ரஞ்சனிக்கு முகம் சுருங்கிப்போனது.

சுகுமாறன் ஹார்னை அமுக்கினான், அலறியது. பிரேக்கைப் பிடித்தான், பின் விளக்கு எரிந்தது. பேட்டரியில் குறை இல்லை. சிக்னல் பல்புகளைக் கழற்றிப் பார்த்தான், எல்லாம் நல்ல பல்புகள். பிறகு பக்கவாட்டு மூடியைத் திறந்தவன், குனிந்து உள்ளே இரண்டு முறை பார்த்தான். தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்கு வந்தான்.

"ரிலேவைக் காணோம்," என்று ரஞ்சனியிடம் கிசுகிசுத்தான். "சிக்னலை விட்டு விட்டு எரிய வைக்கிற பெட்டி அது. தானா விழாது. யாரோ கையால புடுங்கியிருக்காங்க."

"யாருங்க அப்படிச் செய்வா?"

"வேற யாரு, உங்கப்பாதான். போக மனசு வரல போல."

ரஞ்சனிக்குக் கண் கலங்கிவிட்டது. இருங்கப்பா என்றால் இருக்கமாட்டார், இருப்பதற்கு இப்படி ஒரு திருட்டுத்தனமா? கூடவே பயமும் வந்தது. மாமியாருக்குத் தெரிந்தால் அப்பாவின் மானம் கப்பலேறிவிடும்.

"அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க," என்று கெஞ்சினாள்.

"சொல்லல லா. நான் ஒயர் ஒயரா தேடிக்கிட்டு இருக்கேன். நீ போய் அவர்கூட பேசு."

சொன்னபடியே தேடினான். இல்லாத கோளாறை அவன் தேடிய அழகைப் பார்க்க வேண்டுமே! கன்னையா கடைசியில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபிளாட்டில் லிஃப்ட் கெட்டது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது என்று என்னென்னவோ பேசினார். மகளும் கேட்டுக்கொண்டே இருந்தாள். மணி இரண்டைத் தாண்டியது. உள்ளேயிருந்து, அவள் காலையில் வைத்த மீன் குழம்பு வாசம் வந்தது. சாப்பிடுறீங்களாப்பா என்று அவள் கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் தெருவைப் பார்த்தார்.

அப்போது இராஜம்மா வாசலுக்கு வந்தாள்.

"ஏன் சம்பந்தி, இப்படிப் பசியோடவே உக்காந்திருக்கப் போறீங்களா?"

"இல்லிங்க, எங்க வழக்கம் அப்படி. பொண்ணு வீட்டுல..."

"இது உங்க பொண்ணு வீடுன்னு யாரு சொன்னா? இது என் வீடு. என் பேருல இருக்கு."

ரஞ்சனிக்குச் சுருக்கென்றது. இந்தப் பேச்சை அப்பா காதுபடத்தான் பேச வேண்டுமா?

"என் வீட்டுல நான் சோறு போடறேன். உங்க வழக்கத்துக்கு ஒரு குறையும் வராது. எந்திரிச்சி கை கழுவுங்க."

கன்னையா ஒருமுறை மகளைப் பார்த்தார். எழுந்து போய்க் கை கழுவினார்.

ரஞ்சனிதான் பரிமாறினாள். முதல் வாய் போட்டதும் அவர் நிமிர்ந்து, "உப்பு ஒரு கல்லு தூக்கலா இருக்கு," என்றார், அந்த நாளில் சுங்கை வே வீட்டில் சொன்னது போலவே. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. ரசம் எடுத்து வருகிறேன் என்று சமையலறைக்குள் ஓடினாள்.

அங்கே பின்வாசலில் இராஜம்மா மகனைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். நைட்டிப் பைக்குள் கையை விட்டு, ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தா, இனிமே மாட்டிக் குடு. மனுஷன் சாப்பிட உக்காந்துட்டாரு."